இடம்: படி

பயிற்சி மாடியில்.
ஏறும் படிக்குக் கைப்பிடி இல்லை என்பதை
எல்லோரும் ஏறி முடித்த பிறகுதான் சொன்னார் ஜெயராக்கினி,
திருவாரூரிலிருந்து வந்த இயன்முறை மருத்துவர்.
"முதல் பாடம் முடிஞ்சுது."
முப்பத்தொரு பேரும் சிரித்தோம்,
இறங்குவதை நினைத்துக்கொண்டு.

வலங்கைமானில் ஐப்பசி மழை.
கரண்ட் போனது; திரையிலிருந்த
முறிந்த இடுப்பெலும்பும் கூடவே போனது.
நாற்காலியைத் தொட்டுக்கொண்டு
ஒற்றைக் காலில் நின்றோம், முப்பது எண்ணும்வரை.
செவிலியர் பாத்திமுத்து பதினொன்றில் சாய்ந்தார்.
நான் முப்பதும் நின்றேன்.
வரப்பில் நடந்த கால். பெருமைதான்.

"இந்த வருஷம் யாரெல்லாம் விழுந்தீங்க?"
ஒரு கை எழவில்லை.
"வழுக்கினவங்க?"
பாசி பிடித்த படித்துறை, நான்கு கை.
"இடறினவங்க?"
"தடுக்கினவங்க?"
நிலைவாசல், கேஸ் டியூப், கன்றுக்குட்டியின் கயிறு,
பஸ் நிற்குமுன் இறங்கிய அவசரம்.
"தலை சுத்தி சும்மா உக்காந்தவங்க?"
பாதி அறை.
விழுவதை மட்டும்
எங்களில் யாரும் செய்திருக்கவில்லை.
"ஆத்துக்கே குடமுருட்டின்னு பேரு மேடம்,
உருண்டது குடம், நாங்க இல்ல" என்றாள் செங்கமலம்.

"அதனாலதான் சொல்றேன்,
விழுந்தீங்களான்னு கேக்காதீங்க.
எங்க வழுக்குச்சுன்னு கேளுங்க.
கேட்டுட்டு, அந்த இடத்தப் போய்ப் பாருங்க."

எழுதிக்கொண்டேன்:
குழாயடிக்குச் சொரசொரப்புக் கல்.
பிரஷர் மாத்திரை போட்டவர் சடக்கென்று எழ வேண்டாம்.
கதிரடிக்கும் மெஷின் பக்கம் தலைப்பை இறுக்கிச் செருகு.
தென்னை ஏறுபவர்க்கு —
அங்கே பக்கிரிசாமி அண்ணன் ஞாபகம் வந்து
பேனா நின்றது. ஒரு மைப்பொட்டு.

அந்த இடத்தைப் போய்ப் பார்.
என் பதிவேட்டில் ஆடி மாதம் ஒரு வரி:
வடிவழகி, 26. இடது மணிக்கட்டு முறிவு.
காரணம்: விழுதல். இடம்: படி.
புரட்டாசியில் இன்னொன்று:
உதடு, மூன்று தையல். இடம்: படி.
கையெழுத்து என்னுடையது. அழகாகவே இருக்கிறது.

எத்தனை தடவை ஒதுங்கியிருக்கிறேன் அந்த வீட்டில்.
தொகுப்பு வீடு. தெருவும் தரையும் ஒரே மட்டம்,
மழைத் தண்ணீர் கேட்காமல் உள்ளே வரும்.
படி என்று ஒன்று அங்கே
அரிசி அளக்கத்தான் இருக்கிறது.

டீ நேரத்தில் கேட்டேன்.
ஜெயராக்கினி வெகுநேரம் டம்ளரைப் பார்த்தார்.
"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல.
அவங்க தனியா இருக்கற நேரம் தெரியுமா?"
படிவத்தின் ஓரத்தைக் கிழித்து
நூற்றி எண்பத்தொன்று என்று எழுதித் தந்தார்.

மாலை, சுவரில் ஒரு கை
முன்னவள் தோளில் ஒரு கை வைத்து
முப்பத்தொரு பேரும் இறங்கினோம்.
யாரும் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன்.
அவன் டிராக்டரோடு நீடாமங்கலம் போயிருந்தான்.
வடிவழகி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"எங்க வழுக்குச்சு?" என்றேன், சொல்லிக்கொடுத்தபடி.

எழுந்து போனாள்.
அரிசி டின்னுக்குள் கைவிட்டுப்
படியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.
இரும்புப் படி. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது.
"நான் பொய் சொல்லலக்கா.
படின்னுதான் சொன்னேன்.
விழுந்தேன்னு நீங்கதான் எழுதிக்கிட்டீங்க."

முப்பது எண்ணும் நேரம் இருக்கும்.
இரண்டு காலிலும்தான் நின்றேன்,
சுவர் தேவைப்பட்டது.

காகிதத்தை நீட்டினேன்.
வாசலை ஒருமுறை பார்த்தாள்.
நான்காய் மடித்து டின்னின் அடிக்குத் தள்ளி
மேலே அரிசியைப் போட்டாள்,
ஒரு படி,
இன்னொரு படி.